லாடெக் பேக்கேஜ் நிறுவும்போது மண்டை காய்ந்த இடங்கள்: அனுபவப் பகிர்வு

(லாடெக் என்பது ஆவணங்களை அச்சுத் தரத்தில் கட்டும் மென்பொருள், பேக்கேஜ் என்பது அதற்குக் கூடுதல் வசதி தரும் தொகுப்பு. அவற்றை நிறுவும்போது பட்ட பாட்டைச் சிலர் புனைபெயரில் இங்கே எழுதியிருக்கிறார்கள்.)

வரிமடிப்பு:

டெக் லைவ் 2023 (லாடெக்கும் பேக்கேஜ்களும் சேர்ந்து வரும் நிறுவல்). எல்லாம் அப்டேட் ஆன கணினி. ஆய்வேட்டில் அளவையும் அலகையும் அச்சிடும் க்யூட்டி கட்டளை வரும் முதல் வரியிலேயே "அன்டிஃபைன்ட் கன்ட்ரோல் சீக்வென்ஸ்", அதாவது இப்படியொரு கட்டளையே இல்லை. அந்தக் கட்டளை எஸ்ஐயூனிட்எக்ஸ் பேக்கேஜின் மூன்றாம் பதிப்போடு 2021-லேயே வந்துவிட்டது. அதற்கு முன் எஸ்ஐ என்ற பழைய கட்டளைதான். டெக் லைவின் பேக்கேஜ் மேலாளரான டிஎல்எம்ஜிஆரைக் கேட்டால் மூன்றாம் பதிப்புதான் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறது. மறுபடி நிறுவினாலும் அதே எரர்.

ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கேபிஎஸ்இவிச் கமாண்டுக்கு "ஆல்" ஆப்ஷன் கொடுத்து, பேக்கேஜின் எஸ்டிஒய் ஃபைலின் (லாடெக் படிப்பது இதைத்தான்) பெயரைத் தட்டியதும் விடை வந்தது. ஒரு வரி வரவேண்டிய இடத்தில் இரண்டு வரி. கீழே இருந்தது டெக் லைவின் சொந்த அடைவான டெக்ஸ்எம்எஃப்-டிஸ்ட். மேலே இருந்தது ஹோம் அடைவில் உள்ள டெக்ஸ்எம்எஃப். அதற்குள் இரண்டாம் பதிப்பு, எப்போதோ சிடான் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து கையால் இறக்கிப் போட்டது.

டெக் தேடும் வரிசையில் ஹோம் மரம் (அடைவுத் தொகுதி) முதலில், அடுத்து இந்தக் கணினிக்கென்று சேர்ப்பவை இருக்கும் டெக்ஸ்எம்எஃப்-லோக்கல், கடைசியில்தான் டிஸ்ட். டிஎல்எம்ஜிஆர் சாதாரணமாகப் பார்த்துக்கொள்வது டிஸ்டை மட்டும். ஹோமில் என்ன கிடக்கிறது என்று அது எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றியதும் ஆய்வேடு ஓடியது. மேக்கில் இதே ஃபோல்டர் லைப்ரரிக்குள் ஒளிந்திருக்கும், ஃபைண்டரில் சட்டென்று கண்ணில் படாது.

சாய்வுகோடு:

க்யூட்டி தகராறு என்றாலே ஃபிசிக்ஸ் பேக்கேஜையும் சந்தேகப்பட வேண்டும். அதுவும் க்யூட்டி என்றொரு கட்டளை வைத்திருக்கிறது. இரண்டும் இருந்தால் எஸ்ஐயூனிட்எக்ஸ் தன் க்யூட்டியை வரையறுக்காமல் விட்டுவிட்டு, லாகில் ஒரு வார்னிங் மட்டும் எழுதிவைக்கும்.

வரிமடிப்பு:

அப்படியானால் அன்டிஃபைன்ட் என்று வராதே. கட்டளை இருக்கும், அச்சில் அளவுக்குப் பதில் அடைப்புக்குறி வந்து நிற்கும். இரண்டும் வேறு வேறு நோய்.

உபுண்டுக்காரன்:

உபுண்டு 22.04, அதன் பேக்கேஜ் மேலாளரான ஏபிடி வழியாக வந்த டெக் லைவ். ஒரு பேக்கேஜ் இல்லை என்று டிஎல்எம்ஜிஆர் இன்ஸ்டால் போட்டால், "டெபியனில் ஓடுகிறேன், யூசர் மோடுக்கு மாறுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி. அடுத்து "யூசர் மோட் தொடங்கப்படவில்லை, ஆவணத்தைப் படியுங்கள்". சரி, இனிட்-யூசர்ட்ரீ கொடுத்தாயிற்று. இப்போது உள்ளூர் டெக் லைவ் 2021, தொலைவில் உள்ளது அதைவிடப் புதியது, ஆண்டு தாண்டி அப்டேட் செய்ய முடியாது என்று நின்றுவிட்டது. ஒரே கமாண்டுக்கு மூன்று முட்டுக்கட்டை!

காரணம் எளிது. டெக் லைவ் ஆண்டுக்கு ஒரு பதிப்பு. புதியது வந்ததும் பழையது உறைந்துவிடும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2021, டெபியன் 12-இல் 2022, உபுண்டு 24.04-இல் 2023. சிடான் மிரர்களிலோ எப்போதும் நடப்புப் பதிப்புதான். உறைந்த பதிப்புகள் யூட்டா பல்கலைக்கழகக் கணிதத் துறை சர்வரில், ஹிஸ்டாரிக் அடைவுக்குள், அந்தந்த ஆண்டின் டிஎல்நெட்-ஃபைனல் ஃபோல்டரில் இருக்கின்றன. டிஎல்எம்ஜிஆரின் ரெப்பாசிட்டரி ஆப்ஷனில் அந்த முகவரியைக் கொடுத்தால் வேலை நடக்கும். நூற்பட்டியல் தயாரிக்கும் பைபர் மாதிரி இயங்கு நிரலோடு வருகிறவை மட்டும் "இடம் மாற்ற முடியாதது" என்று யூசர் மோடில் மறுக்கப்படும்.

ஆனால் இந்த யூசர் மோட் பேக்கேஜைக் கொண்டுபோய்ப் போடுவது எங்கே? வரிமடிப்பு சொன்ன அதே ஹோம் டெக்ஸ்எம்எஃப். அடுத்த உபுண்டுவுக்கு மாறும்போது அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் முதலில் ஏபிடி-ஃபைல் கொண்டு எஸ்டிஒய் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் டெக்லைவ்-லாடெக்-எக்ஸ்ட்ராவிலோ டெக்லைவ்-சயின்ஸிலோ இருக்கும். எஸ்ஐயூனிட்எக்ஸ், அல்காரிதமிக்எக்ஸ் இரண்டும் சயின்ஸில்தான்.

நேர்நிறுவல்:

மேலே எழுதியவர் மன்னிக்கவும். டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்றவை) தரும் டெக்கை வைத்துக்கொண்டு டிஎல்எம்ஜிஆரோடு மல்லுக்கட்டுவதே வீண் வேலை. பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஏபிடி டெக்கும் நேரடி டெக் லைவும் சேர்ந்தே இருந்த கணினி. சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு நிறுவிய பேக்கேஜ் "வெற்றி" என்கிறது, லாடெக் "ஃபைல் இல்லை" என்கிறது. சூடோ தனக்கென்று வைத்திருக்கும் பாத் பட்டியலில் (கமாண்டுகளைத் தேடும் அடைவுகள்) நேரடி டெக்கின் நிரல்கள் இருக்கும் "பின்" (bin) அடைவு இல்லை. ஆகவே சூடோவோடு ஓடியது டிஸ்ட்ரோவின் டிஎல்எம்ஜிஆர், சூடோ இல்லாமல் ஓடிய லாடெக்கோ நேரடி நிறுவலுடையது. எந்த நிரல் ஓடும் என்று காட்டும் விச் கமாண்டைக் கேட்டால் ஒரு விடை, சூடோ விச் என்று கேட்டால் வேறொரு விடை. கதை அவ்வளவுதான்.

இனி ஒழுங்காகச் செய்யும் முறை. டெக் பயனர் குழுவான டக்கின் தளத்தில் இன்ஸ்டால்-டிஎல் டார் ஃபைலை இறக்கிப் பிரியுங்கள். பெர்ல் இருந்தால் போதும். ஸ்கீமை (எவ்வளவு நிறுவுவது என்ற தேர்வு) ஸ்மால் என்று கொடுங்கள், ஃபுல் வேண்டாம். ஃபுல் என்றால் பல ஜிபி, அதில் பெரும்பங்கு ஆவணமும் எழுத்துருவும். நோ-டாக்-இன்ஸ்டால், நோ-எஸ்ஆர்சி-இன்ஸ்டால் இரண்டையும் சேர்த்தால் இன்னும் இளைக்கும். முக்கியமானது நிறுவும் இடத்தைச் சொல்லும் டெக்ஸ்டிர்: அதை உங்கள் பயனர் கணக்கு எழுதக்கூடிய இடமாகக் கொடுங்கள். அப்போது சூடோ என்ற பேச்சே வராது. முடிந்ததும் "பின்" (bin) அடைவுக்குள், கணினி வகையின் பெயரில் இருக்கும் ஃபோல்டரைப் பாத்தின் முன்பக்கம் சேருங்கள். பின்பக்கம் சேர்த்தால் டிஸ்ட்ரோ லாடெக்தான் முந்தும். டெர்மினலை மூடித் திறந்து, லாடெக்கின் வெர்ஷனைக் கேட்டு ஆண்டைப் பாருங்கள்.

பிறகு வேறு ஏதோ மென்பொருள் ஏபிடியில் டெக்லைவை இழுத்து வரப் பார்க்கும். அதற்கு ஈக்விவ்ஸ் கொண்டு ஒரு போலிப் பேக்கேஜ் கட்டி, டெக்லைவ் ஏற்கெனவே இருக்கிறது என்று ஏபிடியை நம்பவைக்க வேண்டும். டிஎல்எம்ஜிஆர் அப்டேட்டில் முதலில் செல்ஃப் ஆப்ஷன், அடுத்து ஆல். ஆய்வேடு ஒப்படைக்கும் வாரத்தில் இரண்டும் வேண்டாம்.

உபுண்டுக்காரன்:

ஆய்வகக் கணினியில் ஹோம் கோட்டா 5 ஜிபி என்றால் டெக்ஸ்டிரை எங்கே கொடுப்பதாம்? எல்லாருக்கும் ஒரே மருந்து ஒத்துவராது.

ஓரம்தாண்டி:

யாரும் தமிழ் ஆவணம் பற்றி எழுதவில்லை. பன்மொழிப் பேக்கேஜான பாலிகிளாசியாவில் தமிழ், ஒரே டெக் ஃபைல், லாடெக்கை ஓட்டும் இரண்டு வழிகள். லுவாலாடெக்கில் வரிகள் அழகாக உடைகின்றன. ஜீலாடெக்கில் நீளமான சொற்கள் உடையாமல் ஓரத்தைத் தாண்டி நிற்கின்றன, "செய்துகொண்டிருக்கிறார்கள்" பாதி வெளியே. லாகில் தமிழுக்குச் சொல்முறிப்பு வடிவங்கள் (சொல்லை எங்கே உடைக்கலாம் என்ற பட்டியல்) ஏற்றப்படவில்லை என்ற வார்னிங்.

வடிவங்களின் ஃபைல் இருக்கிறது. மொழிகளைப் பட்டியலிடும் லாங்வேஜ்.டாட், அதன் லுவா இணை, இரண்டிலும் தமிழ் வரி கையால் எழுதப்பட்டும் இருக்கிறது. பிறகு ஏன்? லுவாடெக் சொல்முறிப்பு வடிவங்களை ஆவணம் ஓடும்போது படித்துக்கொள்ளும். ஜீடெக்கோ ஃபார்மட் (முன்கூட்டியே ஏற்றிவைத்த லாடெக்) கட்டும் நேரத்தில் ஏற்றியதை மட்டும்தான் அறியும். ஃபார்மட்டைத் திரும்பக் கட்டாமல் ஃபைலை எத்தனை முறை நகலெடுத்தாலும் அது கண்டுகொள்ளாது.

கையால் எதுவும் செய்யத் தேவையே இல்லை. டெக் லைவில் ஹைஃபன்-இன்டிக் என்ற பேக்கேஜை டிஎல்எம்ஜிஆர் வழியாக நிறுவினால் லாங்வேஜ் ஃபைல்களை அதுவே எழுதி, ஃபார்மட்டுகளையும் கட்டிவிடும். ஏபிடியில் இது டெக்லைவ்-லாங்-அதருக்குள். சொந்த வடிவ ஃபைல் வைத்திருப்பவர்கள் லாங்வேஜ்.டாட்டைத் தொடக் கூடாது, அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகும். லாங்வேஜ்-லோக்கல்.டாட் என்ற பெயரில் டெக்ஸ்எம்எஃப்-லோக்கலின் கான்ஃபிக் அடைவில் வைத்து, டிஎல்எம்ஜிஆர் ஜெனரேட் லாங்வேஜ், கூடவே ரீபில்ட்-சிஸ் என்று ஓட்டுங்கள்.

இன்னொன்று, லுவாலாடெக்கில் எழுத்துருப் பேக்கேஜான ஃபான்ட்ஸ்பெக் வழியாகத் தமிழ் எழுத்துரு அழைக்கும்போது ஸ்கிரிப்ட் தமிழ், ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்று இரண்டையும் கொடுங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் பேக்கேஜைத் திரும்ப நிறுவிப் பயனில்லை, இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸ்வாசி:

மிக்டெக் (டெக் லைவ் போன்ற இன்னொரு நிறுவல்). எடிட்டரில் கம்பைல் அழுத்தினால் அப்படியே நிற்கிறது. எரர் இல்லை, லாகில் ஒன்றும் இல்லை. எடிட்டர் ஜன்னலைச் சுருக்கினால் அதன் பின்னால் "இந்தப் பேக்கேஜை நிறுவலாமா" என்று ஒரு சின்னப் பெட்டி பதிலுக்காகக் காத்திருக்கிறது!

மிக்டெக் கன்சோலில், இல்லாத பேக்கேஜைத் தானே நிறுவும் அமைப்பு மூன்று வகை: எப்போதும், என்னைக் கேள், ஒருபோதும் வேண்டாம். எப்போதும் என்று மாற்றிவிடுங்கள். எல்லாப் பயனர்களுக்கும் என்று நிறுவிய கணினியில் அட்மின் மோடில் ஒருமுறை, யூசர் மோடில் ஒருமுறை என்று இரண்டு பக்கமும் அப்டேட் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பழையதும் புதியதும் கலந்து, லாடெக்கின் உள் நிரல் தொகுதியான எக்ஸ்பிஎல்3 பொருந்தவில்லை என்ற எரரில் போய் முடியும்.

சாய்வுகோடு:

அந்த எக்ஸ்பிஎல்3 எரர் மிக்டெக்குக்கு மட்டும் உரியதல்ல. 2020 பிப்ரவரி லாடெக்கிலிருந்து எக்ஸ்பிஎல்3 ஃபார்மட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஃபார்மட்டில் ஒரு தேதி, வெளியே கிடக்கும் எல்3பேக்எண்ட் ஃபைலில் வேறு தேதி என்றால் "மிஸ்மேட்ச்ட் சப்போர்ட் ஃபைல்ஸ்" என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். ஹோம் மரத்தில் நகல் இருந்தால் தூக்குங்கள். இல்லையென்றால் ஃபார்மட்டுகளைத் திரும்பக் கட்டும் எஃப்எம்டிஉடில்-சிஸ், ஆல் ஆப்ஷனோடு.

என்னை உறுத்துவது வேறு. டிஎல்எம்ஜிஆர் இன்ஸ்டால் டிக்ஸ் (படம் வரையப் பயன்படுவது). "டிக்ஸ் என்ற பேக்கேஜ் ரெப்பாசிட்டரியில் இல்லை" என்று பதில். உலகத்தில் பாதிப் பேர் பயன்படுத்தும் ஒன்று இல்லையா? இருக்கிறது, பேக்கேஜின் பெயர் பிஜிஎஃப். யூஸ்பேக்கேஜில் எழுதுவது ஃபைலின் பெயர், டிஎல்எம்ஜிஆர் கேட்பது தொகுப்பின் பெயர். ஏஎல்ஜி-சூடோகோட் இருப்பது அல்காரிதமிக்எக்ஸில். லாங்டேபிளும் டேபுலர்எக்ஸும் டூல்ஸில். பிபிஎம் கேட்டால் எழுத்துரு மட்டும் வரும், எஸ்டிஒய் ஃபைலுக்கு பிபிஎம்-மேக்ரோஸ் தனி. டிஎல்எம்ஜிஆர் சர்ச், குளோபல், ஃபைல் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு சாய்வுகோடு போட்டால் அதே பெயரில் முடியும் மற்ற ஃபைல்கள் வராது.

சிடானில் இருந்தும் டெக் லைவில் இல்லாதவையும் உண்டு, கட்டற்ற உரிமம் இல்லாதவற்றை டெக் லைவ் சேர்ப்பதில்லை. அங்கே டிடிஎஸ் ஜிப் (டெக் அடைவு அமைப்பிலேயே கட்டியது) கிடைத்தால் அதை டெக்ஸ்எம்எஃப்-லோக்கலில் அப்படியே பிரித்துவிட்டு ஃபைல் பட்டியலைப் புதுப்பிக்கும் மேக்டெக்எல்எஸ்ஆர் ஓட்டுங்கள். மூல ஃபைலான டிடிஎக்ஸும் அதைப் பிரிக்கும் ஐஎன்எஸ்ஸும் மட்டும் கிடைத்தால் ஐஎன்எஸ் ஃபைலை லாடெக்கில் ஓட்டினால் எஸ்டிஒய் பிறக்கும். டிடிஎக்ஸை ஓட்டிவிட்டு ஆவணம்தான் வந்தது, எஸ்டிஒய் வரவில்லை என்று பலர் தேடுவார்கள்.

எழுத்துருப்பித்தன்:

ஒரே சர்வர், இரண்டு லாகின். ஒன்றில் பிடிஎஃப் கூர்மையாக இருக்கிறது. மற்றொன்றில் டெர்மினல் முழுக்க, புள்ளி வடிவ எழுத்துரு செய்யும் எம்கேடெக்பிகே வரிகள், எழுத்துகள் பெரிதாக்கினால் படிக்கட்டு.

மங்கலாக வந்த லாகினில் எப்போதோ, எழுத்துருப் பட்டியல் எழுதும் அப்டிமேப் யூசர் வகையில் ஓடியிருக்கிறது. அது அந்தப் பயனருக்கு மட்டும் ஒரு மேப் ஃபைலை எழுதும். அதன்பின் சிஸ்டத்தில் எந்த எழுத்துரு சேர்ந்தாலும் அவர் பார்ப்பது தன் பழைய மேப்பைத்தான். டெக் லைவ் 2017 முதல் வெறும் அப்டிமேப் என்று தட்டினால் ஓடாமல் யூசரா சிஸ்ஸா என்று கேட்பதே இதற்காகத்தான். பதில் எப்போதும் சிஸ். ஏற்கெனவே நடந்துவிட்டால் ஹோமில் புள்ளியில் தொடங்கும் டெக்லைவ் ஆண்டு ஃபோல்டருக்குள், டெக்ஸ்எம்எஃப்-கான்ஃபிக்கில் உள்ள அப்டிமேப்.சிஎஃப்ஜி, டெக்ஸ்எம்எஃப்-வாரில் உள்ள மேப் ஃபைல்கள், இரண்டையும் நீக்குங்கள். ஒன்றை மட்டும் நீக்கிப் பயனில்லை.

மேற்கோள்காரர்:

உபுண்டுக்காரன் சொன்ன "இடம் மாற்ற முடியாதது" வரியைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள். ஹோம் மரத்தில் மேற்கோள் பேக்கேஜான பிப்லாடெக் 3.19, சிஸ்டத்தில் பைபர் 2.17. லாடெக் எரர் இல்லாமல் ஓடுகிறது. பிடிஎஃபில் மேற்கோள் எண்ணுக்குப் பதில் தடித்த எழுத்தில் மேற்கோள் சாவிகள், நூற்பட்டியல் காலி. பைபரின் லாகான பிஎல்ஜி ஃபைலைத் திறந்தால், கன்ட்ரோல் ஃபைலின் பதிப்பு ஒன்று, எதிர்பார்த்தது வேறொன்று என்று பைபர் எழுதிவிட்டு விலகியிருக்கிறது.

பிப்லாடெக் 3.19-க்குப் பைபர் 2.19, 3.18-க்கு 2.18. புள்ளிக்குப் பின் உள்ள எண் ஒத்திருக்க வேண்டும். ஹோம் நகலை நீக்கிவிட்டு, கன்ட்ரோல் ஃபைலான பிசிஎஃப், நூற்பட்டியல் ஃபைலான பிபிஎல் இரண்டையும் அழித்து, லாடெக், பைபர், லாடெக், லாடெக் என்று ஓட்டுங்கள். புதிய பிப்லாடெக்தான் வேண்டும் என்றால் சோர்ஸ்ஃபோர்ஜில் அதற்கு இணையான பைபரை இறக்கி, பாத்தில் சிஸ்டம் பைபருக்கு முன்னால் வையுங்கள். எண் பொருந்தியும் பைபர் வாய் திறக்காமல் செத்தால் பைபருக்குக் கேஷ் ஆப்ஷன் கொடுத்து, அது காட்டும் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.