கார்பன் புள்ளி – ஃப்ளோரசின்: ஆற்றல் கடத்தலா, வெறும் மறு உறிஞ்சலா?

நிறமாலை வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். கார்பன் புள்ளி (சில நானோமீட்டர் அளவுள்ள, ஒளிரும் கார்பன் துகள்) ஃப்ளோரசின் சாயத்துக்கு ஆற்றலை நேரடியாகக் கடத்துகிறதா, இல்லை புள்ளி உமிழும் ஒளியைச் சாயம் உறிஞ்சி மீண்டும் உமிழ்கிறதா என்பதுதான் சந்தேகம்.

புள்ளிகள் வழக்கமான செய்முறைதான்: 1.05 கிராம் சிட்ரிக் அமிலம், 335 மைக்ரோலிட்டர் எத்திலீன் டைஅமீன், 10 மி.லி. நீர்; டெஃப்லான் ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலன்) 200 டிகிரி, 5 மணி நேரம். பிறகு 1000 டால்டன் பையில் டயாலிசிஸ் (அந்த எடைக்குக் குறைவான மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றுவது). 360 நானோமீட்டரில் தூண்டினால் 445 பக்கம் பளிச்சென்ற நீலம். ஏற்பி (ஆற்றலை வாங்கும் சாயம்) ஃப்ளோரசின், பி.எச். 9 பஃபரில் (அமிலப் பக்கம் போனால் அதன் ஒளிர்வு படுத்துவிடும்).

சாயம் சேர்க்கச் சேர்க்க நீலம் குறைந்து, 515-இல் பச்சை ஏறுகிறது. ஆனால் 445-இல் அளந்த ஒளிர்வு ஆயுட்காலம் (தூண்டியபின் ஒளிர்வு தணிய ஆகும் நேரம்) 14 நானோவினாடியை விட்டு அசையவே இல்லை. ஃபர்ஸ்டர் கடத்தல் (ஒளி உமிழாமல் ஆற்றல் நேரடியாகப் பக்கத்து மூலக்கூறுக்குப் போவது) என்றால் அது குறைந்தே ஆக வேண்டும். 10 மைக்ரோமோலார் கரைசலில் புள்ளிக்கும் சாயத்துக்கும் இடைவெளி பல பத்து நானோமீட்டர். கடத்தலுக்கோ 10-க்குள் வேண்டும். போதாததற்கு அந்த பி.எச்.-இல் இரண்டுமே எதிர்மின் சுமை, ஒன்றையொன்று தள்ளும். சாயம் நீலத்தை விழுங்கிப் பச்சையாக உமிழ்கிறது, அவ்வளவுதான் என்று படுகிறது. 360-இல் சாயம் நேரடியாகத் தூண்டப்படுவதையும் கழிக்க வேண்டும்.

அடுத்து, ஐசோதயோசயனேட் வகை ஃப்ளோரசினைப் புள்ளியின் அமீனோடு பிணைக்க எண்ணம். கேட்க வேண்டியவை:

பிணையாத சாயத்தை எதில் பிரிப்பீர்கள்? டயாலிசிஸ் போதுமா, செஃபடெக்ஸ் ஜி-25 (மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்) நிரல் வேண்டுமா?

இந்தச் செய்முறையில் நீலமாக ஒளிரும் சிறுமூலக்கூறும் உருவாகிறது. அதில் பிணைய அமீன் இல்லை. பைக்குள் அது மிச்சமிருந்தால் ஆயுட்கால வளைவில் எப்படிப் பிரித்தறிவது?

புள்ளிகளின் மோலார் செறிவே தெரியாதபோது ஒரு புள்ளிக்கு எத்தனை சாயம் என்பதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

சிதைவு வளைவுகளும் உறிஞ்சல் நிறமாலையும் கேட்டால் பகிர்கிறேன்.