கலைச்சொல் தேவை: இரண்டு பிள்ளைகளை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலருக்கு (வெள்ளிக்குள்)

செங்காங் அம்மா, திங்கள் இரவு

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரப் பெற்றோர் குழுவுக்காக நான்கு மொழியில் ஒரு கையேடு தயாராகிறது. தமிழ்ப் பகுதி என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பக்கம் முழுக்க 'டபுள் ஸ்ட்ரோலர்' எப்படிப் பார்த்து வாங்குவது என்பது பற்றி. வாயால் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் அச்சில் போட மனம் வரவில்லை. சீனத்தில் நான்கே எழுத்தில் முடித்துவிட்டார்கள். மலாயில் 'கெரெத்தா சோரோங்'. தமிழுக்கு விட்டிருக்கும் கட்டம் என் கட்டைவிரல் அகலம்.

இதில் இரண்டு வகை உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது ஒன்று. ஒருவர் பின் ஒருவராக உட்காருவது மற்றொன்று, கடையில் 'டான்டம்' என்பார்கள். நான் போட்டிருப்பது 'இரட்டைக் குழந்தைத் தள்ளுவண்டி'. சரியா?

உட்லண்ட்ஸ் ஐயா

சரியில்லை அம்மா. அது இரட்டையராகப் பிறந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். மூத்தது ஒன்றரை வயது, இளையது கைக்குழந்தை என்றிருக்கும் வீடு என்ன செய்யும்? 'இரட்டை' என்பது குழந்தைக்கு அடையா, வண்டிக்கு அடையா என்று தெரியாத சொல் கலைச்சொல் ஆகாது.

அப்புறம், தள்ளுவண்டி என்றால் என் கண்ணில் வருவது கச்சாங் பூத்தே வண்டி. கடலையைக் கூம்புக் காகிதத்தில் போட்டுத் தருவார்கள். அதில் பேரப்பிள்ளையை உட்கார வைக்க எனக்கு ஒப்பவில்லை.

நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறதே. பட்டினப்பாலையில் 'பொற்காற் புதல்வர் புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்'. குதிரை கிடையாது, சக்கரம் மூன்று, கூடவே சின்னப்பிள்ளை. வேறென்ன வேண்டும்? இரண்டு இருக்கை என்றால் 'ஈரிருக்கைச் சிறுதேர்'. உயிர் வந்தால் 'இரு' 'ஈர்' ஆகும் என்று இங்கே யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை. வண்டியே வேண்டும் என்றாலும் தவறில்லை. 'வள்' வளைவைக் குறிக்கும் வேர் என்பார்கள். வளை, வளையம், வண்டி...

ஜூரோங் தம்பி

ஐயா, அந்த வேரைப் பிடித்துக்கொண்டு போனால் நாம் திரும்பி வருவதற்குள் வெள்ளி வந்துவிடும்.

அந்த வரியில் தேரை உருட்டுவது பிள்ளை. அதற்குள் அவன் உட்காரவில்லை. குழந்தையைப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழிலும் சிறுதேர் பத்தாவது பருவம், நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு. நம் கதையில் பிள்ளை தூங்குகிறது, உருட்டி மூச்சு வாங்குவது அப்பா. 'தள்ளுநாற்காலி' என்று வைக்கலாமே?

செங்காங் அம்மா

பிள்ளைத்தமிழை எடுத்ததால் சொல்கிறேன். பெண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேரே கிடையாது. அம்மானை, நீராடல், ஊசல் என்று போய்விடும். எனக்கு இரண்டும் பெண்.

நாற்காலி வேண்டாம் தம்பி. 2017லிருந்து ஸ்ட்ரோலரை மடக்காமலே பேருந்தில் ஏற்றலாம். ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்குத்தான் அங்கே முதல் இடம். இரண்டுக்கும் 'நாற்காலி' என்று பெயர் வைத்தால் அந்த விதியைத் தமிழில் எழுதவே முடியாது.

ஈசூன் அக்கா

பட்டினப்பாலை வரியின் மறுபாதியை யாரும் சொல்லவில்லை. காயப்போட்டதைத் தின்னவந்த கோழியை விரட்ட ஒருத்தி காதணியை வீசுகிறாள். அது வழியில் கிடந்து அந்தத் தேரை மறிக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அந்த வேலையைச் செருப்பு அலமாரி செய்கிறது.

நான் முதலில் வாங்கியது பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை, 76 செ.மீ. அகலம். கடையில் இரண்டு பிள்ளைகளும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் இரும்புக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கி, வண்டியைச் சாய்த்து, பெரியவளை இறக்கி நிற்கவைத்து, தினமும் ஒரு கூத்து. தேக்காவில் (லிட்டில் இந்தியா) கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் பூக்கடை வாளிகளுக்கு நடுவே போனபோது ஒரு பாட்டி, "ஏம்மா, லாரியா கொண்டு வந்திருக்கே?" என்றார்.

பிறகு மாற்றி வாங்கினேன். ஒருவர் பின் ஒருவர் வகை பெரும்பாலும் 60, 65 செ.மீ.க்குள் இருக்கும், மின்தூக்கியில் ஆட்களோடு நுழையலாம். அதற்கும் குறை உண்டு. வண்டி நீளம், நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்க முதுகு வேண்டும். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளின் தலையைத்தான் பார்க்கிறாள். கைக்குழந்தைக்கு அந்த இருக்கை தட்டையாகச் சாய்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஆகவே எனக்கு 'இரட்டை' முக்கியமில்லை. கதவுக்குள் நுழையுமா என்று சொல்லும் சொல்தான் வேண்டும்.

உட்லண்ட்ஸ் ஐயா

அப்படியானால் 'இணையிருக்கை', வரிசை என்ற பொருளில் 'நிரலிருக்கை'. இரண்டும் அழகு.

ஜூரோங் தம்பி

நிரல்நிறை அணி படித்த அப்பாக்கள் வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள்?

'டான்டம்' என்பதே ஒரு கிண்டல் ஐயா. லத்தீனில் அதற்கு 'கடைசியில், ஒருவழியாக' என்று பொருள். ஆங்கிலேயர் அதை 'நீளவாட்டில்' என்று சிலேடையாக எடுத்து, முன்னும் பின்னுமாகப் பூட்டிய குதிரைகளுக்கு வைத்தார்கள். மலாய்க்காரரின் 'கெரெத்தா' போர்த்துக்கீசியம். நம் அலமாரியும் சாவியும் அங்கிருந்து வந்தவைதான். 'ஸ்ட்ரோலர்' என்றே எழுதினால் யார் அழப்போகிறார்கள்?

உட்லண்ட்ஸ் ஐயா

நான். ஒரு காலத்தில் 'மின்தூக்கி'க்கும் இப்படித்தான் சிரித்தார்கள். இன்று அக்காவே மேலே அதை எழுதியிருக்கிறார், நீங்கள் கவனிக்கக்கூட இல்லை.

தோ பாயோ அண்ணன்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஐயா சொல்வது நியாயம். ஆனால் மின்தூக்கி நிலைத்ததற்குக் காரணம், 'மின்' தெரியும், 'தூக்கு' தெரியும். 'நிரல்' இன்று 'புரோகிராம்' என்ற பொருளில் கணினி ஆட்களிடம் போய்விட்டது. 'முன்பின்' என்றால் என் அம்மாவுக்கும் புரியும். இரட்டைத் தள்ளுவண்டி, முன்பின் வகை. இரட்டைத் தள்ளுவண்டி, பக்கவாட்டு வகை. 'குழந்தை' என்ற சொல்லே வேண்டாம். பக்கத்திலேயே படம் இருக்கிறது, கச்சாங் பூத்தே என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

ஈசூன் அக்கா

எனக்குச் சம்மதம். கூடவே செ.மீ. போடுங்கள்.

ஜூரோங் தம்பி

சரி. தள்ளுவண்டி வினைத்தொகை வேறு, முக்காலத்துக்கும் ஆகும். தள்ளிய வண்டி, தள்ளுகின்ற வண்டி, தள்ளும் வண்டி. பிள்ளைகள் இறங்கித் தூக்கச் சொன்னபின் வெறுமனே தள்ளுவதும் அதில் அடக்கம்.

உட்லண்ட்ஸ் ஐயா

பெரும்பான்மை அப்படி என்றால் அப்படியே ஆகட்டும். 'பக்கவாட்டு' என்றால் பக்கவாட்டில் நகரும் வண்டி என்றும் பொருள்படும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

செங்காங் அம்மா, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடியே அனுப்பினேன். இப்போதுதான் அச்சுப்படி வந்தது. கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வடிவமைப்பாளர் 'த்'தை எடுத்துவிட்டார். 'இரட்டை தள்ளுவண்டி' என்று நிற்கிறது.

உட்லண்ட்ஸ் ஐயா, வியாழன், இரவு 11.40

அவருடைய தொலைபேசி எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள் அம்மா.