மறு: மறு: பள்ளிப் பிள்ளைகள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பயணம் – 65,000 ரூபாய் கேட்டு வந்த கடிதம்

நஜீர், ஷார்ஜா:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் நம் ஊர்ச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். படகு, சாப்பாடு, கன்று, டி-ஷர்ட், பேனர் என்று ஐந்து வரி, கீழே 65,000. எத்தனை படகு, எத்தனை பிள்ளைகள், ஒன்றும் இல்லை. கஜா புயலுக்கு வசூல் செய்ததில் மிச்சம் யார் கையில் இருக்கிறது என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் வரட்டும், என் பங்கு மறுநாளே வந்துவிடும். அந்தக் கணக்கைப் பார்த்த முத்து மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. கணக்கு வேறு, பழக்கம் வேறு.

செல்வராசு, கிள்ளான்:

பிள்ளைகளுக்குப் படகு பிடித்துக் கொடுக்க இவ்வளவு கேள்வியா? போன வருஷம் பக்கத்து ஊர்ச் சங்கம் தொப்பி முதற்கொண்டு வாங்கிக் கொடுத்து, பத்திரிகையில் படம் வந்தது. நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பிப்ரவரி 2 ஈரநில நாள், அதற்குள் நட்டுவிட வேண்டும். பேனர் கட்டாயம். சங்கத்தைத் தொடங்கியவர் பெயர் இந்தத் தடவையும் விட்டுப்போனால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கலா, சிங்கப்பூர்:

நஜீர் காக்கா, செல்வராசு அண்ணன், பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். பாலு சித்தப்பா ஜாம்பவானோடையில் படகேற்றி, கோரையாறு வழியாக லகூன் என்கிற காயல் பக்கம் கூட்டிப்போனார். அண்ணன் சொல்கிற அந்தப் படம் எடுத்த இடத்தையும் காட்டினார். சேற்று மேடு, மேலே உப்புப் பொருக்கு. கன்றுகளைக் கறுப்புப் பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தேன், பையோடு வந்துவிட்டது. உள்ளே வேர் சுருண்டு மக்கிக் கிடந்தது. சுற்றி நின்றதெல்லாம் காய்ந்த குச்சிகள்.

அந்தக் காட்டுக்குக் கன்று பஞ்சமே இல்லை, தண்ணீர் ஏறி இறங்குவதுதான் பஞ்சம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போன இடத்தில் மண் வெயில்பட்டு அமுங்கித் தாம்பாளம் மாதிரி குழிந்தது. ஏறின கடல்நீர் வடிய வழியில்லாமல் அங்கேயே காய்ந்து உப்பேறியது. தொண்ணூறுகளில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வாய்க்கால் வெட்டியது அதனால்தான். நடுவில் பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். தண்ணீர் போய்வர, உப்பு கழுவிக்கொண்டு போய்ச் செடி பிடித்தது. நம் கரையில் நீரேற்றம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. வாய்க்கால் வாயில் ஒரு முழம் வண்டல் அடைத்தாலே உள்ளே சொட்டுப் போகாது. சித்தப்பா காட்டிய வாய்க்கால்களில் பாதி அப்படித்தான் கிடக்கின்றன. 2018 கஜாவில் சாய்ந்த மரங்கள் வேறு குறுக்கே.

என் யோசனை இதுதான். இப்போது கன்று வாங்க வேண்டாம். அந்தப் பணம் தூர்வாருகிற ஆட்களுக்குக் கூலியாகப் போகட்டும். அள்ளும் சேற்றை அலையாத்தியின் மூச்சுவேர்மேல் கொட்டினால் மரம் செத்துவிடும், கரையாகக் குவித்தாலும் தண்ணீர் உள்ளே பரவாது, அதனால் விஷயம் தெரிந்த ஆட்களாக இருக்க வேண்டும். பிள்ளைகள் பிப்ரவரியில் போய்ப் பார்க்கட்டும், அந்தக் கறுப்புப் பைகளைப் பொறுக்கிக்கொண்டு வரட்டும். விதை உதிர்வது மழைக்காலத்தில். ஐப்பசியில் வானம் வெறித்த நாளாகப் பார்த்துத் திரும்பப் போய், மிதக்கிற விதையைச் சேர்த்து, வாய்க்கால் சரிவில் தண்ணீர் தினமும் நனைக்கிற உயரத்தில் ஊன்றட்டும். விதைக்குச் செலவே இல்லை.

இன்னொன்று. டி-ஷர்ட்டுக்குக் காசு போட்டவர்கள் லைஃப் ஜாக்கெட்டுக்குப் போடவில்லை. வனத்துறை அனுமதி பற்றியும் ஒரு வரி இல்லை. 2002-லேயே கோடியக்கரையோடு ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது, நினைத்தபோது இறங்க முடியாது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அந்த வாத்தியார்களில் யாருக்காவது தெரியுமா?

மல்லிகா, மஸ்கட்:

கலா, தில்லை என்றதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. விறகுக்குப் போனால் அந்த மரத்தை மட்டும் தொடவே மாட்டார். இடுப்பளவு சேற்றில் நின்று மடவை பிடித்துக்கொண்டு வருவார், அம்மா குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். இங்கே விற்கிற மடவையில் அந்த ருசி இல்லை. என் பெயரில் 5,000 போட்டுக்கொள்ளுங்கள். பேனரில் யார் பெயரும் வேண்டாம்.

செல்வராசு, கிள்ளான்:

பேனரில் பெயர் வேண்டாம் என்று மல்லிகா சொல்வது யாரைக் குத்துவதற்கு என்று தெரியும். இருக்கட்டும். பாலு தூர்வாரச் சொல்வது எந்த வாய்க்கால்? வனத்துறை வெட்டினதா, மீன் பிடிக்கிற வாய்க்காலா? எங்கள் தாத்தா வெட்டின மீன் வாய்க்காலில் இன்று இறால் எடுப்பது யார் என்று ஊருக்கே தெரியும். சங்கப் பணத்தில் அவர் வாய்க்காலை ஆழப்படுத்துகிற வேலை நடக்காது.

கலா, சிங்கப்பூர்:

அண்ணே, சித்தப்பா காட்டியது அத்தனையும் காட்டுக்குள் இருக்கிற கிளை வாய்க்கால்கள். எதை எடுப்பது என்று வனத்துறை குறித்துக் கொடுக்கட்டும், சித்தப்பாவோ நீங்களோ குறிக்க வேண்டாம். அவர் கூலிக்கும் வர மாட்டார். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தவரும் அவர்தான், அதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நஜீர், ஷார்ஜா:

குடும்ப விஷயத்தைப் போனில் பேசிக்கொள்ளுங்கள். கலா, ஆள் கூலி எவ்வளவு, எத்தனை ஆள், எத்தனை நாள், எழுத்தில் வாங்கி அனுப்பு. டி-ஷர்ட், பேனர், கன்று மூன்றையும் அடித்துவிட்டு, அனுமதிக் கடித நகலோடு தலைமையாசிரியர் புதிதாக எழுதட்டும். கஜா மிச்சம் கிடைத்தால் முதலில் அதில் லைஃப் ஜாக்கெட் வாங்குவோம். முத்து, இந்த மடலையாவது படித்தாயா?