உளமுதலா, உளவளமா? மாணவர் நலன் ஆய்வுக்குக் கலைச்சொற்கள்

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மதுரை வட்டாரக் கல்லூரி மாணவர்களின் ஆளுமை, மனத்துக்குள் இருக்கும் பலம், நலன் ஆகிய மூன்றும் எப்படித் தொடர்புறுகின்றன என்று அளக்கத் தமிழ் வினாநிரல் ஒன்று தயாராகிறது. அதன் நடுவில் நிற்பது சைக்கலாஜிக்கல் கேப்பிட்டல், அந்த மனப் பலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். அமெரிக்க மேலாண்மை அறிஞர் பிரெட் லூதன்ஸும் உடனாய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட அளவீட்டில் இதற்கு ஹோப் (இலக்கை அடையும் முனைப்பும் வழிகளும்), செல்ஃப் எஃபிகசி (என்னால் முடியும் என்ற துணிவு), ரெசிலியன்ஸ் (விழுந்தாலும் மீள்வது), ஆப்டிமிசம் (நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு) என நான்கு கூறுகள். கூறுக்கு 6 கூற்றுகள், மொத்தம் 24. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண்.

'உளவியல் மூலதனம்' என்றே பலர் எழுதுகிறார்கள். உளவியல் என்பது துறையின் பெயர். மாணவரிடம் இருப்பது உளம். அதனால் 'உளமுதல்' என்று முன்மொழிகிறேன். ஆளுமைப் பண்புகள் மெல்லவே மாறும். இந்த நான்கையோ சில மணி நேரப் பயிற்சியாலும் ஓரளவு உயர்த்தலாம் என்பதே லூதன்ஸ் தரப்பின் வாதம். கைமுதல் போட்டுப் பெருக்குவதுபோல வளர்க்கக்கூடியது என்ற பொருள் 'முதல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

மேலூரிலிருந்து:

ஐயா, 'உளமுதல்' தனியாக நிற்கும்போது நன்றாக இருக்கிறது. 'உளமுதலான காரணிகள்' என்று எழுதினால் 'உளம் உள்ளிட்ட காரணிகள்' என்றாகிவிடும். 'உளவளம்' எப்படி? மனிதவளம், நீர்வளம் என்று வளம் பழகிய சொல். இலங்கைத் தமிழர் கவுன்சிலிங்கை 'உளவளத்துணை' என்றே வழங்குகிறார்கள். குறள் 592 பொருளுடைமைக்கு எதிரே 'உள்ளம் உடைமை'யை வைக்கிறது. ஆனால் அங்கே உள்ளம் என்பது ஊக்கம், நான்கில் ஒரு பங்கைத்தான் தொடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கூறுகளின் பெயரில் இருக்கிறது. ஹோப் நம்பிக்கை, எஃபிகசி தன்னம்பிக்கை, ஆப்டிமிசம் நன்னம்பிக்கை என்று மொழிபெயர்த்தால் மாணவர் மூன்றையும் ஒன்றாகவே படித்து ஒரே எண்ணைச் சுழித்துவிடுவார். கூறுகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) 0.85-க்கு மேல் போனால் அவை வேறு வேறு என்று வாதிட முடியாது. அதைப் பார்த்து 'தமிழ் மாணவர்களிடம் நான்கு கூறுகள் இல்லை' என்று யாராவது முடிவு கட்டுவார்கள். அந்தக் குறை நம் மொழிபெயர்ப்பில் விளைந்ததாக இருக்கும்.

ஓர் அரியரை வைத்தே நான்கையும் பிரிக்கலாம். 'இந்தத் தாளை என்னால் எழுதித் தேற முடியும்' என்பது எஃபிகசி. 'தேற வேண்டும், பழைய வினாத்தாள், நண்பர்களோடு படிப்பு, ஆசிரியரிடம் கேட்பது என்று வழிகள் உண்டு, ஒன்று அடைபட்டால் அடுத்தது' என்பது ஹோப். 'போகப்போக எனக்கு நல்லதுதான் நடக்கும்' என்பது ஆப்டிமிசம். தோற்ற பிறகு மறுபடி புத்தகத்தை எடுப்பது ரெசிலியன்ஸ். கூற்றுகளில் 'நம்பிக்கை' என்ற சொல்லே வராமல் இப்படிச் செயலாக எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

உசிலம்பட்டியிலிருந்து:

மேலூர் அம்மா சொல்வதை முழுதும் ஏற்கிறேன். ஆளுமைப் பகுதிக்கும் இதே கவனம் வேண்டும். ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளப்பது வழக்கம். அந்த ஐந்தில் நலனை அதிகம் கெடுப்பது நியூராட்டிசிசம், அதாவது எளிதில் கவலைப்பட்டுக் கலங்கும் இயல்பு. இதைத் தயவுசெய்து 'நரம்பு' என்ற சொல்லோடு சேர்க்காதீர்கள். சுவர் விளம்பரங்களில் 'நரம்புத்தளர்ச்சி' என்ன பொருளில் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை மாணவர்கள் நேர்மையாக நிரப்ப மாட்டார்கள். 'மனக்கலக்கச் சார்பு' போதும். தலைப்பில் 'ஆளுமை' என்று அச்சிடுவதும் வேண்டாம். 'ஆளுமை வளர்ச்சி' வகுப்புகளால் அது நிறைய இருக்க வேண்டிய நல்ல குணம் என்றாகிவிட்டது. 'உங்கள் இயல்பு பற்றி' என்று போடுங்கள்.

எதிர்மறைக் கூற்றுகளைத் தனியாகப் பாருங்கள். லூதன்ஸ் அளவீட்டின் 24-இல் 3 மட்டுமே அப்படி. அதில் 2 ஆப்டிமிசத்தில். 'இல்லை' என்று முடியும் கூற்றுக்கு 'உடன்படவில்லை' என்று விடையளிக்கும்போது இரட்டை மறுப்பில் மாணவர் குழம்புவார். ஆறில் இரண்டு குழம்பினால் அந்தக் கூறின் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று காட்டும் எண்) 0.70-க்குக் கீழே இறங்கக்கூடும். 'இல்லை'யைத் தவிர்த்து, 'தயங்குவேன்', 'தடுமாறுவேன்' போன்ற வினைகளில் முடியுங்கள். மறுமொழிபெயர்ப்பு (தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுவது) முடிந்ததும் பத்துப் பதினைந்து மாணவர்களிடம் ஒவ்வொரு கூற்றையும் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் அவர்களில் பாதியாவது இருக்கட்டும். அளவீட்டுக்குப் பதிப்புரிமை உண்டு. மூலக் கூற்றுகளை இந்தக் குழுவில் இட வேண்டாம்.

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் உள்வளங்கள் எல்லாவற்றுக்கும் பொதுச்சொல் 'உளவளம்'. லூதன்ஸின் நான்கு கூறு கொண்ட கருத்துக்கு மட்டும் 'உளமுதல்'. '-ஆன' சேர்க்காமல் 'உளமுதல் சார்ந்த' என்று எழுதுவோம். எஃபிகசி 'தன்திறன் துணிவு', ரெசிலியன்ஸ் 'மீள்திறன்', ஆப்டிமிசம் 'நன்னோக்கு'.

வெல்பீயிங்குக்கு 'நல்வாழ்வு' வேண்டாம். மக்கள் நல்வாழ்வுத் துறையால் அது மருத்துவமனையை நினைவூட்டும், 'உளநலன்' என்போம். அதை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கூற்று அளவீடு போதும். கூற்றுக்கு 0 முதல் 5. கூட்டுத்தொகையை 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். அது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. செமஸ்டர் தேர்வையொட்டியும் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களையொட்டியும் கேட்டால் ஒரே மாணவரிடமிருந்து இரண்டு விதமான எண் வரும். எல்லாக் கல்லூரிகளிலும் பருவத்தின் நடு வாரங்களிலேயே கேட்க வேண்டும். 50-க்குக் கீழே வருபவர்களை ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆளுமை உளமுதலை உயர்த்தி அதன் வழியே நலன் கூடியது என்று எழுதக் கூடாது. அதற்கு இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை அளக்க வேண்டும்.

ஹோப்புக்கு இன்னும் சொல் அமையவில்லை. கத்தோலிக்க விவிலிய மொழிபெயர்ப்பில் 'எதிர்நோக்கு' இருக்கிறது, அழகான சொல். ஆனால் 'நன்னோக்கு' பக்கத்தில் வைத்தால் அதற்கு எதிரானது என்று படிக்கத் தோன்றும். 'இலக்கூக்கம்' என்றால் பி.எட். பாடத்தில் மோட்டிவேஷனைக் குறிக்கும் 'ஊக்க'த்தோடு மோதும். ஹோப் பற்றிய கோட்பாட்டை வகுத்த உளவியலாளர் ஸ்னைடரின் விளக்கத்தில் முனைப்பும் வழிகளும் இரண்டும் உண்டு. 'இலக்கு முனைப்பு' முதலாவதை மட்டும் சொல்கிறது. வழியையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை வரைவில் 'இலக்கு முனைப்பு' என்றே இருக்கும்.