டயரின் உட்பக்கத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நெடும்பயணத்துக்கு முந்தைய மாலை அது. பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மகளின் பந்து உருண்டுபோய் முன்சக்கரத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. குனிந்து, சக்கரத்தின் உட்பக்கமாகக் கையை விட்டுத் துழாவினேன். நடுவிரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. கையை வெளியே எடுத்தால் ரத்தம். முள்ளாகவோ ஆணியாகவோ இருக்கும் என்று நினைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி வைத்துவிட்டு, கைவிளக்கோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

டயரின் உள் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. அதற்கு அடியில் இருக்க வேண்டிய எஃகுக் கம்பிகள் அறுந்து, பழைய பிரஷ்ஷின் முடிபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதே டயரின் வெளிப்பக்கத்திலோ பள்ளங்கள் ஆழமாக, பார்ப்பதற்கு இன்னும் ஓராண்டு ஓடும் என்று சொல்லும்படி இருந்தன. தினமும் காலையில் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எடுப்பவன் நான். ஆனால் நின்றுகொண்டு பார்க்கிறவன் கண்ணுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் படும். மறுநாள் விடியற்காலையில் மனைவி, மகள், என் தாயார் மூவரையும் ஏற்றிக்கொண்டு 400 கிலோமீட்டர் அந்த டயரை நம்பிப் போயிருப்பேன். இதை எழுதும்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு டயர் கடைக்குப் போனோம். மற்ற முன்டயரும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு பெரிய பள்ளத்தில் காரை இறக்கிவிட்டேன். அந்த அடியில் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு லேசாக வளைந்திருக்கிறது. அன்றிலிருந்து முன்சக்கரங்கள் இரண்டும் நேராகப் பார்க்காமல் மூக்கை வெளிப்பக்கமாகத் திருப்பியபடியே உருண்டிருக்கின்றன. கண்ணால் பார்த்தால் தெரியாத கோணம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு உள் விளிம்பைச் சாலையில் வைத்துத் தேய்க்க அது போதும். கார் என்னிடம் சொல்லாமலும் இல்லை. நேரான சாலையில் போகும்போது ஸ்டியரிங் சற்றுக் கோணலாக நின்றது. கை பழகிவிட்டதால் மனம் அதைக் கேட்கவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன்டயர்களின் உட்பக்கத்தை விளக்கடித்துப் பார்க்கிறேன். பின்டயர்களுக்கு மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகு, டயரின் முகத்தில் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டுகிறேன். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலவும் உரசினால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், போய்விட்டது என்று பொருள். டயரைச் சுற்றி ஆங்காங்கே மேடும் குழியுமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். டயர் நம் ஓட்டத்தை எழுதிவைத்துக்கொண்டே வருகிறது, படிக்கத் தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டயர்களை இடம் மாற்றிப் போடும் வேலையை இரண்டு சர்வீஸ்களில் நானே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி மாற்றியிருந்தால் மெக்கானிக்கின் கண்ணிலாவது அந்த உள் விளிம்பு பட்டிருக்கும். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

* * *

உங்கள் விரலில் கம்பி குத்தியது நல்லதாகப் போயிற்று. எனக்கு ஸ்டெப்னியில் பாடம் கிடைத்தது.

இரவு பத்து மணி, தூறல், பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் தூக்கம். பின்பக்க இடது டயர் தரையோடு அமர்ந்துவிட்டது. எனக்கு டயர் மாற்றத் தெரியும், அதனால் பதறவில்லை. விளக்குகளை மின்ன விட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வந்து நட்டைக் கழற்ற முயன்றேன். அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று முழு எடையையும் கொடுத்தேன், அப்போதும் அசையவில்லை. அதற்கு முந்தைய சர்வீஸில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடுக்கியிருக்கிறார்கள். வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். ஸ்பேனரின் முனையில் முழங்கை நீளக் குழாய் ஒன்றைச் செருகி ஒரே அழுத்து அழுத்தினார். நட்டு கீச்சென்று கத்திக்கொண்டு இளகியது.

ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கியபோது அதுவும் அப்படியே கீழே அமுங்கியது. மூன்று ஆண்டுகளாக அது டிக்கியின் விரிப்புக்கு அடியில்தான் கிடந்தது, ஒரு நாளும் நான் அதற்குக் காற்றுப் பார்த்ததில்லை. பயன்படுத்தாத டயரிலும் மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் காற்று தானாகக் குறையும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஓட்டுநர் தம் லாரியின் காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து அடித்துக் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். அவரை நினைக்காமல் டிக்கியைத் திறப்பதில்லை.

இப்போது ஐந்து டயருக்கும் சேர்த்துத்தான் காற்றுப் பார்க்கிறேன். உங்கள் காரில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. தேவைப்படும், மற்ற டயர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை மாட்டிக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. சக்கரம் கழற்றி மாட்டப்படும்போதெல்லாம் நட்டைக் கடைசிச் சுற்றில் டார்க் ஸ்பேனரால், அதாவது முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால், முடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறேன். கார்க் கையேட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வீட்டில் நிதானமாக இருக்கும் ஒரு பகலில் ஒரு நட்டையாவது உங்கள் கையால் இளக்கிப் பாருங்கள், சக்கரம் தரையில் இருக்கும்போதே. முடியவில்லை என்றால் அது அன்றே தெரிந்துவிடட்டும்.

* * *

நான் கார் வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. டயரின் பக்கவாட்டில் 51 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருந்தது. அதுதான் அளவு என்று நம்பி அவ்வளவும் அடித்துவிட்டேன். கார் இலகுவாக ஓடியது, மைலேஜும் கூடியதுபோலத் தெரிந்தது. முதல் மழையில் சிக்னலில் பிரேக் போட்டபோது முன்னால் நின்ற காரை நோக்கி வழுக்கிக்கொண்டே போய், ஓரடி இடைவெளியில் நின்றேன். என் தங்கை பக்கத்தில் இருந்தாள். அன்றிரவு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பக்கவாட்டில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். என் காருக்கு வேண்டியது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது: 32. ஓராண்டாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இப்போது ஓடிவந்த சூட்டோடு பார்த்தால் 36 காட்டுகிறது. நான்கைக் குறைத்துவிடலாமா?

* * *

தம்பி, குறைக்காதீர்கள். முப்பது ஆண்டுகள் பணிமனையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நான் பார்த்த தவறுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். தாளில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற கார், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கார். ஓடினால் உள்ளே காற்று சூடேறி 3, 4 பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு. அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலை 28 தான் இருக்கும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம் அந்தச் சூடு. குளிர் காலத்தில் எதிர்ப்பக்கம் நடக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். ஆகையால் சொந்தமாக ஒரு மானி வாங்கி வீட்டிலேயே காலையில் பாருங்கள். ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் போகும் நாளுக்கு அதே தாளில் தனி எண் இருக்கும், பின்டயர்களுக்கு அதிகமாக. அதையும் பாருங்கள்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் எங்கே போடுவது என்று பலர் என்னிடம் சண்டையே போட்டிருக்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே, முன்னால் போடுங்கள் என்பார்கள். நான் பின்னால்தான் போடுவேன். ஈரத்தில் முன்டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் ஓட்டுபவரின் கைக்குத் திரும்ப வந்துவிடும். பின்டயர் வழுக்கினால் வால் சுழன்றுவிடும். குடும்பத்தோடு போகிற ஒருவர் அதை அடக்குவது நடக்காத காரியம்.

டயர் பேச்சில் மற்றதை மறந்துவிடக் கூடாது. ஒருமுறை ஒரு குடும்பம் மலையிலிருந்து இறங்கிய கையோடு என்னிடம் வந்தது. அந்த அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. வளைவு வளைவாக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில், ஒரு கட்டத்தில் பெடல் பஞ்சுபோல அடிவரை போய்விட்டது என்றார் அவர் கணவர். கைப்பிரேக்கையும் கியரையும் வைத்து நிறுத்தியிருக்கிறார். பிரேக் கட்டை, தட்டு எல்லாம் நன்றாகவே இருந்தன. மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் கறுத்துக் கிடந்தது. ஆறு ஆண்டுகளாக மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைச் சிறுகச் சிறுக இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 தான். கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். அளவு சரியாக இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். இறங்கும்போது கீழ் கியரில் இறங்குங்கள்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. உங்கள் டயர்களின் வயதைப் பார்த்தீர்களா? பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு, பல சமயம் உட்பக்கத்தில்தான் இருக்கும்.

* * *

ஐயா, நீங்கள் கேட்டதும் இன்று காலை பார்த்தேன். முன்டயர் இரண்டும் புதியவை, பின்டயர்களுக்கு வயது நான்கு. பிறகு, மேலே எழுதிய சகோதரியின் ஸ்டெப்னி நினைவுக்கு வர, விரிப்பைத் தூக்கி அதையும் வெளியே எடுத்தேன். 1115. அதாவது 2015ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். காரோடு வந்தது, ஒரு கிலோமீட்டர்கூடச் சாலையைத் தொடாதது. அச்சுக் கோடுகள்கூட அழியாமல், முகத்தில் ரப்பர் மயிர்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. பார்க்கப் புதுடயர்தான். பக்கச்சுவரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி வளைத்தேன். ரிம்மை ஒட்டிய இடத்தில் நகக்கீறல்கள்போலச் சன்னமான வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டன.

அந்த ஸ்டெப்னியைத்தான் அன்று மாலையும் பெட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். டயரைக் கழற்றக் கொடுத்தபோது, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி பக்கச்சுவரை அறுத்துவிடச் சொன்னேன். கடைப்பையன் என் முன்னாலேயே அறுத்தான். புது ஸ்டெப்னியில் காற்று 33 வைத்திருக்கிறேன், என் காருக்கு வேண்டியதைவிட ஒன்று கூடுதலாக.