தாவீது ராஜா வெறும் கதையா?

கரிசல்காரன்:
கி.மு. 10ஆம் நூற்றாண்டு எருசலேம் மலைமேல் இருந்த சின்ன ஊர், அவ்வளவுதான் என்கிறார் தொல்லியலாளர் இஸ்ரேல் பிங்கெல்ஸ்டீன். தாவீது ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதிவரை ஆண்ட பேரரசன் என்று இன்னமும் பிரசங்கம் பண்ணுவது சரியா?

எஸ்தர்மேரி:
பிரதர், 1990களின் தொடக்கத்தில் சிலர் தாவீது என்று ஓர் ஆளே இல்லை என்றார்கள். 1993இல் இஸ்ரேலின் வடக்கே தேல் தாண் மேட்டில், ஒரு சுவரில் கல்லோடு கல்லாக வைத்துக் கட்டியிருந்த கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. அரமேய எழுத்து, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. வெட்டி வைத்தவன் பெரும்பாலும் தமஸ்குவின் ராஜா ஆசகேல், அதாவது பகையாளி. அவனே யூதாவின் ராஜகுடும்பத்தை ‘தாவீதின் வீடு’ என்கிறான். இல்லாத ஒருவர் பெயரையா சொல்வான்?

கரிசல்காரன்:
வம்சம் இருந்தது, சரி. ஆனால் அதே கல்லில் இஸ்ரவேல் ராஜாவையும் தாவீதின் வீட்டு ராஜாவையும் நான்தான் கொன்றேன் என்றும் அவன் சொல்வதாகத்தான் வாசிக்கிறார்கள். வேதத்தில் 2 இராஜாக்கள் 9இல் இஸ்ரவேல் ராஜா யோராமையும் யூதா ராஜா அகசியாவையும் கொன்றது இஸ்ரவேல் படைத்தலைவன் யெகூ. உங்களுக்குச் சாதகமான வரியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாதே.

எஸ்தர்மேரி:
அந்தக் காலத்து ராஜாக்களின் வெற்றிக் கல்வெட்டு அப்படித்தான் பேசும். பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசா, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றே எழுதி வைத்தான், ஆனால் அதற்குப் பிறகும் அந்த நாடு இருந்தது. இப்போது 2 சாமுவேல் 11ஐ எடுத்து வாசியுங்கள். தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளோடு தாவீது தவறு செய்கிறான்; பிறகு உரியாவைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான் ராஜா. புகழ் பாட ஒரு நாயகனை உண்டாக்குகிறவன் இதையா எழுதுவான்?

கரிசல்காரன்:
அதற்கும் பதில் உண்டு. தாவீதுக்கு முன் ஆண்ட சவுலின் தளபதி அப்னேர் செத்தான், சவுலின் மகன் இஸ்போசேத் செத்தான், சவுலின் வீட்டார் ஏழு பேரைத் தூக்கிலிட ஒப்புக்கொடுத்தார்கள், எல்லாமே தாவீதுக்கு வசதியான சாவுகள். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் இரத்தமில்லை என்று காட்ட அந்தப் புத்தகம் எவ்வளவு மெனக்கெடுகிறது! தாவீது மேல் பழி வராமலிருக்க அரண்மனை எழுதிய சமாதானம் இது என்று பல அறிஞர்கள் சொல்வது அதனால்தான்.

எஸ்தர்மேரி:
அப்படியே வைத்துக்கொண்டாலும், சமாதானம் சொல்ல ஒரு நிஜ ராஜாவும் நிஜமான குற்றச்சாட்டும் இருந்திருக்க வேண்டுமே. சவுலின் உறவினன் சீமேயி வழியில் தாவீதின்மேல் கல்லெறிந்து ‘இரத்தப்பிரியனே’ என்று கத்தியதையும் அதே புத்தகம் மறைக்கவில்லை. பிற்பாடு அதே வரலாற்றைத் திரும்பச் சொல்லும் நாளாகமம் எழுதியவர் பத்சேபாள் விஷயத்தை முழுக்க விட்டுவிட்டார், 1 நாளாகமம் 20இல் ரப்பாவின் முற்றுகை மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் யாரும் சாமுவேலைத் தூக்கி எறியவில்லை, இரண்டையும் ஒரே வேதமாக எங்கள் கையில் கொடுத்தார்கள். பேரரசு எவ்வளவு பெரியது என்று நீங்கள் தோண்டிப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. அந்தப் பாவத்துக்காக தாவீது மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லப்படும் 51ஆம் சங்கீதத்தைச் சொல்லி நான் ஜெபிப்பது அவர் எல்லையை நம்பியல்ல.

கரிசல்காரன்:
ஜெபத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சிஸ்டர். பிரசங்கத்தில் ஐபிராத்து வரும்போது மட்டும் கேட்பேன்.