லிக்குவிடேற்றர் யார் பக்கம்? அவர்களுக்கென்று இருக்கும் சங்கத்தால் எங்களுக்கு என்ன பயன்?

திருமலை ஐஸ்:
வணக்கம். திருகோணமலையில் சின்னதாக ஒரு ஐஸ் பக்டரி நடத்துகிறேன். கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பனிக்குப் பல வருடமாக ஐஸ் கொடுத்தேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு காசு இழுபட்டு இழுபட்டு, இப்போது சுமார் 14 இலட்சம் ரூபா நிற்கிறது. போன கிழமை ஒரு கடிதம் வந்தது. கம்பனியை அவர்களாகவே மூடப் போகிறார்களாம், கடன்கொடுத்தோர் கூட்டம் கொழும்பில் நடக்கிறதாம், கோரிக்கையை எழுத்தில் தர வேண்டுமாம். முழுக்க ஆங்கிலம். கம்பனியின் சொத்தை விற்றுக் கடன்களைப் பிரித்துக் கொடுக்கும் லிக்குவிடேற்றராக யாரைப் போடுவது என்று பணிப்பாளர்களே ஒரு பெயரையும் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் பிடித்துத் தரும் ஆள் எனக்காக எப்படி வேலை செய்வார்? அவருடைய கட்டணம்தான் முதலில் போகும் என்றும் சொல்கிறார்கள். வெளிநாடுகளில் இந்தத் தொழில் செய்பவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, அங்கே முறையிடலாம் என்று மருமகன் சொல்கிறான். அப்படியான சங்கம் உண்மையில் என்ன செய்யும்? என்னைப் போன்றவனுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

உப்புவெளிக் கணக்காளர்:
தம்பி, நான் லண்டனில் வங்குரோத்து வேலை செய்யும் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். உங்கள் மருமகன் சொல்வது சரி. ஆனால் சங்கம் என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1986 வரைக்கும் லிக்குவிடேற்றராக இருக்க அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. பரீட்சையும் இல்லை. பணிப்பாளரின் கூட்டாளி ஒருவர் வந்து உட்காருவார், இருப்பை அடிமாட்டு விலைக்கு விற்பார், வாங்குபவர் அதே பணிப்பாளரின் புதுக் கம்பனியாக இருக்கும். சர் கெனத் கோர்க் தலைமையிலான குழு 1982 இல் இதையெல்லாம் எழுதி வைத்தது. அதன் பிறகு வந்த 1986 ஆம் ஆண்டுச் சட்டம்தான் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1961 இல், இந்த வேலை செய்த கணக்காளர்கள் சிலர் கூடிப் பேசும் குழுவாகத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் குழுதான் வளர்ந்து இன்று அனுமதிப்பத்திரம் கொடுக்கிற, தவறினால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கிற அமைப்புகளில் ஒன்றாக இருக்கிறது. இது ஒரு வகை.

மற்றது, 1990 இல் தொடங்கி இன்று ஆர் திரீ என்று அழைக்கப்படும் சங்கம். அது அனுமதிப்பத்திரம் கொடுப்பதில்லை. பயிற்சி, கருத்தரங்கு, சட்ட மாற்றம் பற்றி அரசாங்கத்தோடு பேசுவது, இவைதான் அதன் வேலை. தொழில் வளர அது வேண்டும். ஆனால் உங்கள் 14 இலட்சத்துக்கு வேண்டியது முதல் வகை.

சங்கம் இருப்பதால் எங்கோ இருக்கும், சின்னத் தொகை வரவேண்டிய ஒருவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், நான் கட்டணத்தைத்தான் சொல்வேன். அங்கே எஸ்.ஐ.பி. 9 என்று ஒரு நடைமுறை விதி உண்டு. மணிக்கணக்கில் கட்டணம் எடுத்தால், என்ன வேலை, யார் செய்தது, எத்தனை மணித்தியாலம் என்று கடன்கொடுத்தோருக்கு எழுதிக் காட்ட வேண்டும். அந்த அட்டவணையை நான் தயாரித்திருக்கிறேன். வடக்கு இங்கிலாந்தில் ஒரு பேக்கரிக்காரர், அவருக்கு வரவேண்டியது மிகச் சொற்பம், போன் எடுத்து "மாவு மூட்டை எண்ணுவதற்கு உங்கள் அலுவலகத்தின் பெரிய பங்காளி ஏன் நேரில் போனார்?" என்று கேட்டார். எங்கள் அலுவலகம் எழுத்தில் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்த விதி மட்டும் இல்லையென்றால் அவருக்குக் கேட்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

இந்தியாவிலும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு இந்த வேலை செய்பவர் ஒரு தொழில்முறை முகவரகத்தில் உறுப்பினராகி, அரசு வாரியத்திலும் பதிந்திருக்க வேண்டும்.

வங்கிக்காரன்:
ஐயா சொல்வது அங்கே சரி. இங்கே சங்கத்தை நம்பி இருக்கக் கூடாது. சங்கம் தன் உறுப்பினரைத்தான் காப்பாற்றும். எங்களைப் போன்ற வங்கிகள் அடமானத்தை வைத்திருக்கின்றன. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போகாமலே ஏலம் போட முடியும், 2024 இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தியதே எவ்வளவு பெரிய பேச்சானது தெரியும்தானே. அடமானம் இல்லாத ஐஸ்காரரின் முறை வரும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். லிக்குவிடேற்றரின் செலவு, ஊழியரின் சம்பளம், சேமலாப நிதி, வரி எல்லாம் முன்னால் நிற்கும்.

உப்புவெளிக் கணக்காளர்:
வரிசை நீங்கள் சொல்வதுதான். மிச்சம் கொஞ்சம் என்பதால்தான் கட்டணத்தைக் கண்காணிக்க வேண்டும் என்கிறேன். அது கூடக் கூடக் குறைவது இவருடைய பங்கு, வங்கியுடையது அல்ல.

தம்பி, இங்கே உங்களிடம் உள்ள உரிமைகளைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ளது போலக் கடன்கொடுத்தோர் கூட்டம் வைத்து மூடும்போது, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி லிக்குவிடேற்றராக நீங்களும் ஒரு பெயரை முன்மொழியலாம். கூட்டத்தில் அந்தப் பெயர் தேறினால் பணிப்பாளர்கள் சொன்ன பெயர் நிற்காது, நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னால் தவிர. லிக்குவிடேற்றரைக் கவனிக்க மேற்பார்வைக் குழு ஒன்றையும் போடலாம், கட்டணத்தைத் தீர்மானிப்பது அந்தக் குழு. அப்புறம், முன்மொழியப்பட்டவர் எந்தத் தொழில்முறை அமைப்பின் உறுப்பினர் என்று எழுத்தில் கேளுங்கள். பட்டயக் கணக்காளர் என்றால், 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அவர்களுடைய நிறுவகத்திடம் நடத்தை பற்றி முறையிடலாம். அங்கே காசு திரும்பக் கிடைக்காது, ஆளை மாற்றவும் முடியாது, அதற்கு நீதிமன்றம்தான். ஆனால் முறைப்பாடு போகக்கூடிய இடம் இருக்கிறது என்று தெரிந்த ஆள், கடிதத்துக்குப் பதில் போடுவார்.

மூதூர்ப் பிள்ளை:
நான் கொழும்பில் சி.ஏ. படித்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். அண்ணா, உங்கள் ஆவணங்கள் எப்படி இருக்கின்றன? கோரிக்கைகளைப் பிரிக்கும் மேசையில் நான் இருந்திருக்கிறேன். பில் இல்லாமல் தொகை மட்டும் எழுதி வருபவை ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் அதை எடுத்து யாரும் போன் பண்ணிக் கேட்பதும் இல்லை. தூர இடத்து ஆட்களுடையவைதான் அதிகம் அப்படிக் கிடக்கும். தமிழில் ஒரு படிவமும் ஒரு பக்க விளக்கமும் கட்டாயம் என்று தொழில்முறை அமைப்பு ஒரு விதி போட்டால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

திருமலை ஐஸ்:
ஐயா, தங்கச்சி, மிக நன்றி. எங்களிடம் பில் புத்தகம் இல்லை. ஐஸ் ஏற்றும்போது லொறிச் சாரதி கையெழுத்து வைக்கும் கொப்பிதான். தண்ணீர் பட்டு மை கொஞ்சம் பரவியிருக்கிறது, திகதியும் கட்டி எண்ணிக்கையும் தெரிகிறது. அவர்களுடைய மீன் கூடைகள் கொஞ்சமும் எங்கள் முற்றத்தில் கிடக்கின்றன. அதை விற்று எடுக்கலாமா? கூட்டத்துக்குப் போக எனக்கு வசதியில்லை.

மூதூர்ப் பிள்ளை:
கொப்பியே நல்ல சான்று. பக்கம் பக்கமாகப் போட்டோப் பிரதி எடுத்து, மாதவாரியாகக் கூட்டி, அவர்கள் காசு அனுப்பிய வங்கிக் கூற்றையும் சேர்த்து, ஒரு சத்தியக்கடதாசியோடு அனுப்புங்கள். சமாதான நீதவான் ஊரிலேயே இருப்பார். மூலக் கொப்பியைக் கொடுக்கவே வேண்டாம்.

உப்புவெளிக் கணக்காளர்:
கூடைகளை விற்காதீர்கள், அவை கம்பனிச் சொத்து. எத்தனை இருக்கின்றன என்று எழுதி அறிவியுங்கள். கூட்டத்துக்கு உங்கள் சார்பில் இன்னொருவரை அனுப்பலாம், கடிதத்தோடு அதற்கான பதிலாள் படிவம் வந்திருக்கும். பணிப்பாளர்கள் அந்தக் கூட்டத்தில் கடன்கொடுத்தோர் பட்டியலை வைக்க வேண்டும், உங்கள் பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று போகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பனிக்கு ஐஸ், டீசல், வலை கொடுத்தவர்கள் திருமலையிலும் கிண்ணியாவிலும் வேறு யாரும் இருந்தால் எல்லோரும் அந்தப் பதிலாள் படிவத்தை ஒரே ஆளுக்குக் கொடுங்கள். கடிதத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், தமிழில் எழுதித் தருகிறேன்.